பத்தாம் எண் தவறவிட்ட ரயில்

வெளிநாட்டிலிருந்து வரும் அணிகளைக் கவனிக்கும் வேலைக்கு இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். அறை ஒதுக்குவது, சாப்பாட்டுக்குச் சொல்லிவைப்பது, பஸ்ஸுக்கு நேரம் குறிப்பது எல்லாவற்றுக்கும் படிவங்கள் இருக்கின்றன. அவற்றை யாராவது உங்களுக்குக் காட்டித் தருவார்கள். எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு சனிக்கிழமை மத்தியானத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன் என்றாலும், அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்புக்காகத்தான் இத்தனை வருடம் இந்த வேலையை விடாமல் இருந்தேனோ என்னவோ.

நான் மன்னாரிலிருந்து வந்தவள். ரொறன்ரோவில் பதினாறு வருடம் ஒரு பஸ் கொம்பனியில், எந்த வண்டி எந்த வழியால் போக வேண்டும் என்று சொல்லும் மேசையில் இருந்தேன். அதற்குப் பிறகுதான் தொடர்பாளர் வேலை கிடைத்தது. அணி விமானத்தால் இறங்கியது முதல் திரும்ப ஏறும்வரை அவர்களுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வது. அந்த வருடம் என்னிடம் தந்தது ஒரு பசிபிக் தீவு நாட்டின் தேசிய ரக்பி அணியை. எங்கள் தேசிய அணியுடன் மூன்று டெஸ்ட் ஆட்டங்கள் ஆட வந்திருந்தார்கள். முதல் ஆட்டம் மேற்குக் கரையில், மற்ற இரண்டும் ரொறன்ரோவில்.

ரக்பி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முட்டை போன்ற ஒரு பந்துக்காக முப்பது பேர் அடிபடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பந்தை முன்னால் எறியவே கூடாது, பின்னால் எறிந்துகொண்டே முன்னால் போக வேண்டும் என்று அந்த அணியின் மேலாளர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். ஒரு காலத்தில் அவரும் நாட்டுக்காக ஆடியவர். முழங்கால் இரண்டும் பழுதாகி, படி இறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்குவார். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் அவர் சொன்னவை எனக்கு எப்படியோ தமிழிலேயே நினைவில் நிற்கின்றன.

முதல் ஆட்டத்தை அவர்கள் வென்றுவிட்டு ரொறன்ரோவுக்கு வந்தார்கள். இங்கேதான் நான் என் முதல் பிழையைச் செய்தேன்.

பயிற்சிக்கு நல்ல புல்வெளி, ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பி என்ற ஊரில் கிடைத்தது. அவர்களுடைய ஹோட்டல் ஸ்காபரோவில், டோர்செட் பார்க்குக்கு வடக்கே, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. எவ்வளவு நேரம் எடுக்கும் என்று மேலாளர் கேட்டபோது, "நாற்பது நிமிடம்" என்றேன். வரைபடம் அப்படித்தான் காட்டியது. ஆனால் அது வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. கிழக்கே வீடு வாங்கிப் போன பாதி ரொறன்ரோவும் அந்த நேரத்தில் அதே தெருவில்தான் நிற்கும். பதினாறு வருடம் அந்த மேசையில் இருந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். கஷ்டப்பட்டுப் பிடித்த மைதானம் கைவிட்டுப் போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அந்தப் பெரிய உடம்புகள் பஸ் இருக்கையில் மடிந்து கிடந்து இறங்கியபோது பாதிப் பேருக்கு இடுப்பு நிமிரவில்லை. பயிற்சியில் முன்வரிசைக்காரர் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாவது டெஸ்டில் அவரால் ஆட முடியவில்லை. அந்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள்.

பயிற்சி முடிந்து திரும்பும்போது மேலாளர் என்னிடம், "இப்படி ஆகும் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று கேட்டார்.

"இன்றைக்கு வாகனம் அதிகம்" என்றேன்.

இரண்டாவது டெஸ்டுக்கு அடுத்த நாள் காலைச் சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் போய் நின்றேன். "வெள்ளிக்கிழமை நான் பொய் சொன்னேன். எனக்குத் தெரியும்" என்றேன். அவர் முட்டையை வெட்டிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார். "கெட்ட செய்தியைக் காலையில் சொன்னால் அதை வைத்து நான் ஏதாவது செய்வேன். மத்தியானம் சொன்னால் அனுபவிக்கத்தான் முடியும்." பிறகு எதிரில் இருந்த கதிரையைக் காலால் எனக்குத் தள்ளிவிட்டார். விட்பி பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல் பேசவில்லை.

ஆளுக்கு ஒரு வெற்றி. மூன்றாவது ஆட்டத்தை வென்றவர்களுக்குத் தொடர்.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். ஏரிக்கரை மைதானத்தில் இருக்கைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டன. இரண்டு நாடுகளிலும் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுகிறார்கள். அவர்கள் தீவில் அப்போது விடிகாலை, ஒரு வீட்டிலும் ஆள் நித்திரையில் இருக்காது என்று அணித்தலைவர் சிரித்தார். சீருடைகளும் மருந்துப் பெட்டிகளும் காலையிலேயே ஒரு வான் வண்டியில் போய்விட்டன. பன்னிரண்டரைக்கு நாங்கள் புறப்பட்டோம். இருபத்துமூன்று ஆட்டக்காரர், பயிற்சியாளர்களும் மேலாளருமாக ஏழு பேர், மொத்தம் முப்பது. பஸ்ஸை ஓட்டியவர் சிவபாலன் அண்ணை. நான் பஸ் கொம்பனியில் இருந்த காலத்திலிருந்தே தெரிந்தவர். நிதானமான மனிதர்.

நெடுஞ்சாலையில் ஏறி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. வண்டி நின்றது.

"தங்கச்சி, முன்னுக்குப் பார்" என்றார் அண்ணை. கண்ணுக்கெட்டிய தூரம் பிரேக் வெளிச்சம்.

"என்னண்ணை, அக்சிடென்டோ?"

"ஓம். பார்க்வேயில பெரிசா அடிபட்டுக் கிடக்காம். ரேடியோவில சொல்லுறாங்கள். உதுக்குள்ள போய் மாட்டினமெண்டா ரண்டு மணித்தியாலத்துக்கு அசையேலாது. இறங்கவும் வழியில்லை."

மைதானத்துக்குப் போகும் அந்தப் பள்ளத்தாக்குச் சாலை அப்படிப்பட்டதுதான். ஏறிவிட்டால் ஏறியதுதான். நான் என் மேலதிகாரியை அழைத்தேன். மைதானத்தில் ஆட்ட ஏற்பாடுகளுக்கு அவர்தான் பொறுப்பு.

"ஒருவரும் பஸ்ஸை விட்டு இறங்கக் கூடாது" என்றார். "பொலிஸோடு பேசிக்கொண்டிருக்கிறேன். ஓரப் பாதையைத் திறந்து உங்களைக் கூட்டி வருவார்கள்."

"எத்தனை நிமிடத்தில்?"

"பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேனே."

"பத்து நிமிடமா? ஒரு மணித்தியாலமா?"

"அதைச் சொல்ல முடியாது" என்றார்.

வண்டி ஊர்ந்தது. வோர்டன் தெருவுக்கு இறங்கும் வழி முந்நூறு மீற்றரில் தெரிந்தது. அதைத் தாண்டினால் பார்க்வே பக்கம் போகும் கூட்டத்தோடு நாங்களும் கட்டுண்டு போவோம். நான் மேலாளரிடம் ஓடினேன். "கெட்ட செய்தி" என்றேன். "இப்படியே போனால் மூன்று மணிக்கு உங்கள் ஆட்கள் பஸ்ஸுக்குள் இருக்கலாம். பொலிஸ் உதவலாம். எப்போது என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு வழி இருக்கிறது. ஸ்காபரோவில் ஒரு ரயில் நிலையம். ஏரிக்கரை ரயில் அங்கிருந்து நேரே மைதான வாசலுக்குப் போகும். காவல் இருக்காது, எல்லாச் சனத்தோடும் சேர்ந்துதான் போக வேண்டும். இந்தத் திருப்பத்தில் இறங்கினால்தான் முடியும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "முடிவு உங்களுடையது என்றால் என்ன செய்வீர்கள்?"

"ரயில்."

"அப்படியென்றால் ஏன் இன்னும் என்னோடு நின்று பேசுகிறீர்கள்?"

நான் முன்னால் திரும்பிக் கத்தினேன். "அண்ணை, வோர்டனில இறக்குங்கோ! ஸ்காபரோ ஸ்ரேசனுக்கு விடுங்கோ!"

"அப்பிடிச் சொல்லு!" என்று அண்ணை சமிக்ஞை விளக்கைப் போட்டார். பக்கத்தில் நின்ற லொறிக்காரனைக் கும்பிட்டு, கையைக் காட்டி, அந்த நீளப் பஸ்ஸை அங்குலம் அங்குலமாக ஓரத்துக்குக் கொண்டுவந்தார். ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஊளையிட்டார்கள். வண்டி திருப்பத்தில் இறங்கியபோது முப்பது பேரும் கூரையில் தட்டிய சத்தத்தில் என் காது அடைத்தது. நான் மேலதிகாரியை மறுபடி அழைத்தேன். "நேரம் சொல்ல முடியாத உதவிக்கு என்னால் காத்திருக்க முடியாது. ரயிலில் கொண்டுவருகிறேன். மைதான வாசலில் ஆட்களை நிறுத்துங்கள்" என்றேன். அவர் கத்தத் தொடங்கினார். ஓரளவுக்குக் கேட்டுவிட்டு வைத்தேன்.

நிலையத்தில் போய் இறங்கியபோது ரயிலுக்கு ஆறு நிமிடம் இருந்தது. பஸ்ஸால் இறங்கும்போது ஆட்களை எண்ணினேன். முப்பது. பிறகு நான் மெஷினில் பயணச்சீட்டு எடுக்கப் போனேன். அது ஒவ்வொன்றாகத் துப்பிக்கொண்டிருக்கையிலேயே தூரத்தில் மணி கேட்டது. சீட்டுகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். "ஏறுங்கள், ஏறுங்கள்!" என்று மேடை முழுக்கக் கத்தினேன். கதவு மூடியது. ரயில் புறப்பட்டது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன். ரயிலில் ஏறியபின் எண்ணவில்லை.

உள்ளே திரும்பிப் பார்த்தால் பெட்டி முழுக்கச் சிவப்புச் சட்டை. எங்கள் தேசிய அணியின் ரசிகர்கள், அதே ஆட்டத்துக்குப் போகிறவர்கள். தாங்கள் தோற்கடிக்க வேண்டுமென்று கத்தப்போகிற அணி, காலணிகளைத் தோளில் தொங்கவிட்டபடி, அவர்கள் நடுவில் வந்து நிற்கிறது. தாடிக்கார ரசிகர் ஒருவர் எழுந்து, எதிரணித் தலைவரிடம், "நீங்கள் உட்காருங்கள். ஆட்டத்தில் உங்களுக்குக் கால் வலிக்கப் போகிறது" என்றார். பெட்டி வெடித்தது. சிரிப்பு, கைதட்டல், படம் எடுப்பு.

தலைவர் உட்காரவில்லை. "இங்கேயே உடம்பைச் சூடாக்குவோம்" என்றார். அந்த மலை போன்ற ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் கால்விரல்களில் எழும்பி இறங்கினார்கள். ரசிகர்களும் சேர்ந்து எழும்பி இறங்கினார்கள். சிவப்புச் சட்டைக்காரர்கள் தங்கள் பாட்டைப் பாடினார்கள். அது முடிந்ததும் இவர்கள் நாலு குரலில் ஒரு தேவகீதத்தை எடுத்தார்கள். அந்த மெட்டு எனக்குத் தெரியும். மன்னாரில் கோயில் பாடகர் குழுவில் தமிழில் பாடியிருக்கிறேன். ரயிலின் சத்தத்துக்கு மேலால் அந்தக் குரல்கள் எழும்பியபோது நானும் வாய்க்குள் தமிழில் சேர்ந்துகொண்டேன்.

பாட்டின் நடுவில் தலைவர் கையைத் தூக்கினார். எல்லாரும் நிறுத்தினார்கள்.

"பத்து எங்கே?"

பத்தாம் எண் சட்டைக்காரர்தான் பந்தை இரண்டு கோல் கம்பங்களுக்கும் நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பவர். அந்த அணியில் தூரத்திலிருந்து உதைக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஒல்லியான, அமைதியான மனிதர். பெரிய ஆட்டத்துக்கு முன் பதற்றத்தில் வாந்தி எடுப்பது அவர் வழக்கம். நிலையத்துக் கழிவறையில் அதைச் செய்துகொண்டிருந்தபோது நாங்கள் அவரை விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அந்த நொடியே கையில் போன் அதிர்ந்தது. சிவபாலன் அண்ணை.

"தங்கச்சி, உங்கட ஆள் ஒண்டு இஞ்ச நிக்குது. முகமெல்லாம் வெளிறிப் போச்சு."

"அண்ணை, அடுத்த ட்ரெயின் எப்ப?"

"அரை மணித்தியாலத்தில. பஸ்ஸை விட்டிட்டு நான் ஏறேலாது. ஆனா இஞ்ச ஒரு பிள்ளை நிக்கிறா. தமிழ்ப் பிள்ளை. ரக்பி மச்சுக்குத்தான் போறாவாம். அவவோட அனுப்பட்டோ?"

"குடுங்கோ போனை."

"ஹலோ அன்ரி" என்றது ஒரு இளம் குரல். "டோன்ட் வொறி, நான் கூட்டிக்கொண்டு வாறன். நான் யூனிவர்சிட்டிக்கு ரக்பி விளையாடுறனான், அந்த கிரவுண்ட் எனக்கு நல்லாத் தெரியும். பட் நான் கனடா ஃபேன், ஓகே? இவர் எல்லாக் கிக்கையும் மிஸ் பண்ணோணும் எண்டுதான் ப்ரே பண்ணுவன்."

"எப்பிடியும் ப்ரே பண்ணு பிள்ளை. ஆளை மட்டும் கொண்டுவந்து சேர்."

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பாதியில் இறங்கித் திரும்பிப் போகவா? மேலாளர் என்னைப் பார்த்தார். இருபத்தொன்பது பேருக்கு வழி தெரியாது. நான் இறங்கினால் இவர்களும் தொலைவார்கள். "அவர் அடுத்த ரயிலில் வருவார். நாம் போவோம்" என்றேன். மேலாளர் தலையாட்டினார். ஆனால் பெட்டியில் மறுபடி பாட்டு எழும்பவில்லை.

இரண்டு மணி பத்துக்கு மைதானத்தில் இறங்கினோம். இரண்டே முக்காலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், வீரர்கள் வாசலில் நான் நின்றிருக்க, சனத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு சிவப்புச் சட்டைப் பெண் ஓடிவந்தாள். அவள் கையைப் பிடித்தபடி பத்தாம் எண். "டெலிவர்ட்!" என்று கத்திவிட்டு, நன்றி சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டாள். அவர் சட்டை மாற்றவும் காலணி கட்டவும்தான் நேரம் சரியாக இருந்தது. ஒரு பந்தைக்கூட உதைத்துப் பார்க்காமல் ஆட்டத்துக்கு இறங்கினார்.

அப்படி ஓர் ஆட்டத்தை நான் பிறகு பார்க்கவில்லை. முன்னிலை ஐந்து தடவை கை மாறியது. தொடர்பாளர் நடுநிலையாக நிற்க வேண்டும் என்பது விதி. நான் வீரர்கள் வெளியே வரும் சுரங்க வழியில் நின்று சுவரைக் குத்திக்கொண்டிருந்தேன். கடைசி நிமிடத்தில் என் தீவுக்காரர் இரண்டு புள்ளி பின்னால். கனடா பிழை விட, தீவுக்காரருக்குத் தண்ட உதை கிடைத்தது. உள்ளே போனால் மூன்று புள்ளி, தொடர் அவர்களுக்கு. வெகு தூரம், ஏரிப்பக்கக் கோல் கம்பங்கள். பத்தாம் எண் பந்தை வைத்தார். மைதானம் முழுக்க ஊளை. உதைத்தார். பந்து நேரே நடுவைப் பார்த்துப் போனது. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. வலக் கம்பத்தில் "டங்" என்று பட்டு, திரும்பப் புல்லில் விழுந்தது.

என் நாடு வென்றது. நான் அந்தச் சுவரில் சாய்ந்து அழுதேன்.

அழுது முடிக்க முதலே மேலதிகாரி வந்தார். "நீங்கள் வோர்டனில் இறங்கிப் பத்து நிமிடத்தில் பொலிஸ் ஓரப் பாதையைத் திறந்துவிட்டது" என்றார். "பொறுத்திருந்தால் எல்லாரும் ஒன்றாக வந்திருப்பார்கள். உதைப்பவரும் உதைத்துப் பழகியிருப்பார். திங்கட்கிழமை எழுத்தில் விளக்கம் தர வேண்டும்."

வீரர்கள் அறை வாசலில் மேலாளர் தனியே ஒரு வாங்கில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். மேலதிகாரி சொன்னதை ஒன்றும் மறைக்காமல் அவரிடம் சொன்னேன்.

"பஸ்ஸைத் திருப்பியபோது அந்தப் பாதை திறக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இல்லை."

"எனக்கும் தெரியாது. தெரிந்ததை வைத்துத்தான் முடிவெடுக்கலாம். அந்த முடிவை நாளைக்கும் எடுங்கள்." ஐஸ் பையை மற்ற முழங்காலுக்கு மாற்றினார். "ரயிலில் ஏறியதும் ஆட்களை எண்ணினீர்களா?"

"இல்லை."

"அதுதான் பிழை. விளக்கத்தில் அதை எழுதுங்கள். மற்றதற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள்."

அப்படியே எழுதினேன். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எண்ணாததற்காக என்று அதில் இருந்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். பஸ்ஸைத் திருப்பியதற்காக என்று இருந்தது. உங்களுக்கும் இப்படி ஒன்று வரும். எதற்கு வெட்கப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்பதைக் கடிதத்தைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

ஆனால் அன்று பின்னேரம் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அந்தத் தெளிவு வரவில்லை. பத்தாம் எண் முன் இருக்கையில், எனக்குப் பக்கத்தில் இருந்தார். தாங்க முடியாமல் கேட்டேன். "நேரத்துக்கு வந்து உதைத்துப் பழகியிருந்தால் அது உள்ளே போயிருக்குமா?"

"உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்" என்றார். "அந்தச் சிவப்புச் சட்டைப் பெண் ரயில் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். 'ஏரிப்பக்கம் உதைத்தால் காற்று கடைசியில் வலப்பக்கம் தள்ளும், இடக் கம்பத்தைப் பார்த்து உதை' என்று மூன்று தடவை சொன்னாள்."

"பிறகு?"

"எதிரணி ரசிகை. வேண்டுமென்றே மாற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நடுவைப் பார்த்து உதைத்தேன்."

பின்னால் இருந்து ஒருவர், "என்ன சொன்னாய்?" என்றார். அவர் திரும்பச் சொன்னார். தலைவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் பஸ் முழுக்க. தொடரைத் தோற்ற இருபத்துமூன்று பேரும் இருக்கைகளில் அடித்து, கண்ணீர் வரச் சிரித்தார்கள். பத்தாம் எண் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினார்.

"என்னவாம் தங்கச்சி?" என்றார் சிவபாலன் அண்ணை. "தோத்தவங்கள் ஏன் உப்பிடிச் சிரிக்கிறாங்கள்?"

நான் சொன்னேன். அண்ணை சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தி, இருக்கையில் முழுதாகத் திரும்பி, பத்தாம் எண்ணை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ர பஸ்ஸுக்குப் பக்கத்தில நிண்டு நானே பார்த்துத் தெரிஞ்செடுத்த பிள்ளை" என்றார். "அவவை நம்பாமல் போனியேடா!"